துப்பாக்கி உறையில் என்ன கோளாறு? குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் பக்கம் எங்கே போனாலும் தோல் வேலை தெரிந்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கைத்துப்பாக்கிக்கு உறை தைத்துக் கொடுங்கள் என்று யாராவது போய் நின்றால், பாதிப் பேர் ஷூ மேல்பாகத்துக்கு எடுக்கிற தோலையே எடுத்து வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்துத் தோல் தொழிலின் பெருமை. துப்பாக்கி உறைக்கு அந்தப் பெருமைதான் முதல் எதிரி. கீழே வரும் குறைகளில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் மெத்தென்ற தோலில்தான் போய் முடியும்.

உறை கேட்டு வருபவர்களில் லைசென்ஸ் வைத்திருக்கும் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போன ஊர்கள் உள்ள மாவட்டம் இது. குறையைச் சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "தம்பி, கொஞ்சம் லூசா இருக்கு." அந்த ஒரு வரிக்குப் பின்னால் நாலைந்து காரணம் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

உறையைத் தொடுவதற்கு முன்னால்

துப்பாக்கி மேஜைக்கு வரும்போது காலியாக இருக்க வேண்டும். காலிதான் என்று வந்தவர் சொன்னால் போதாது, நம் கண்ணால் பார்க்க வேண்டும். பிஸ்டல் என்றால் முதலில் தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆபத்து. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டால், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், அடுத்த தோட்டா அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். கீழே விழுந்ததைப் பார்த்துவிட்டு, காலியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி வைத்து, அறைக்குள் கண்ணாலும் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். கான்பூரில் செய்கிற .32 ரிவால்வர் மேல்பக்கம் மடங்கித் திறப்பது. திறந்து வெளிச்சத்துக்குக் காட்டினால் தோட்டா செருகும் உருளையான சிலிண்டரின் ஆறு துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். இதையெல்லாம் துப்பாக்கிக்கு உரியவரே செய்யட்டும். குழல் வாய் ஒரு மணல் வாளியைப் பார்த்தபடி இருக்கட்டும். கழற்றிய தோட்டாக்கள் வேறு அறைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்று, துப்பாக்கியை விட்டுவிட்டுப் போக விடாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாதவர் கைத்துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போதே பழுப்புக் காகிதத்தில் வெளிக்கோடு வரைந்து, ஸ்லைடு அல்லது சிலிண்டரின் தடிமன், முன்சைட்டின் (குழல் நுனியில் குறி பார்க்கும் மேடு) உயரம், டிரிகர் கார்டு (டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையம்) இருக்கும் இடம் எல்லாவற்றையும் காலிப்பரில் அளந்துகொண்டால் போதும். மீதி வேலைக்கு, துப்பாக்கியின் வடிவத்தில் மரத்தில் செதுக்கிய கட்டை இருக்கிறது. ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஷூவுக்குக் கட்டை, உறைக்கும் கட்டை. அந்தக் கட்டைக்குப் பளிச்சென்று ஆரஞ்சு பெயிண்ட் அடித்துவிடுங்கள். கறுப்பு அடித்து ஜன்னலோரம் காய வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு போன் போடுவார்.

கவிழ்த்தால் நழுவி விழுகிறது

காலித் துப்பாக்கியை உறையில் வைத்து, துப்பாக்கிக்கு மேலே பட்டன் போட்டுப் பிடிக்கும் மேல்வாரைத் திறந்துவிட்டு, மடித்த கம்பளிக்கு ஒரு சாண் உயரத்தில் தலைகீழாகப் பிடித்து லேசாக உலுக்குங்கள். வார் இல்லாமலேயே, தோலின் பிடிமானத்தில் மட்டும் நிற்க வேண்டும். விழுந்தால் முதலில் தோல் எந்த வகை என்று பாருங்கள்.

உறையின் அடியோரத்தில் கூரான கத்தியால் மெலிதாக ஒரு சீவு சீவினால் தோலின் நடுப்பகுதி தெரியும். பட்டைத் தோல் என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் என்று எதில் பதப்படுத்தியிருந்தாலும் இந்தப் பழுப்பு வரும். குரோம் உப்பில் பதப்படுத்திய குரோம் தோல் என்றால் நடுவில் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு கோடு ஓடும். சாயம் உள்வரைக்கும் ஏறியிருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது விரல்நீளத் துண்டு ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் கொஞ்ச நேரத்திலேயே சுருண்டு, குட்டையாகி, கெட்டியாகிவிடும். நன்றாகப் பதமான குரோம் தோல் ஏறக்குறைய போட்டபடியே கிடக்கும். நெருப்பில் கொளுத்திப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அந்தப் புகை நல்லதில்லை, தண்ணீரே போதும்.

குரோம் தோல் தண்ணீரில் நனைந்தாலும் காய்ந்ததும் பழைய மென்மைக்கே திரும்பிவிடும். கட்டையின் வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பட்டைத் தோல்தான் நனைந்தபோது கொடுத்த வடிவத்தைக் காய்ந்த பிறகும் விடாது. அதனால் உறை குரோம் தோலில் தைத்தது என்று தெரிந்துவிட்டால் ஒட்டு, தையல், உள்ளே அட்டை என்று மாரடிக்க வேண்டாம். புதிதாகத் தைப்பதுதான் வழி. இத்தனைக்கும் பட்டைத் தோல் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்பதே பட்டையில் பதப்படுத்திய நம்மூர்த் தோல்தான். ஏற்றுமதி ஷூ வந்த பிறகு குரோம் முன்னால் போய்விட்டது, அவ்வளவுதான்.

தோல் சரிதான், ஆனாலும் நழுவுகிறது என்றால் தடிமனைப் பாருங்கள். ஒற்றைத் தோல் உறைக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர் வேண்டும். மாட்டுத் தோலின் முதுகுப்பக்கம்தான் ஏற்றது, வயிற்றுப்பக்கம் இழுபடும். அவ்வளவு தடிமன் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிமீட்டர்த் தோல் இரண்டை, சதைப்பக்கம் சதைப்பக்கமாக வைத்து, முழுப்பரப்பிலும் சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொள்ளலாம். ஓரத்தில் மட்டும் தடவினால் நனைக்கும்போது நடுவில் உப்பிக்கொள்ளும்.

தடிமனும் சரி என்றால் தையல் கோடு தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் தைக்கிற தட்டை உறையில், காகிதத்தில் வரைந்த வெளிக்கோட்டிலிருந்து தையல் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: துப்பாக்கியின் தடிமனில் பாதி, அதோடு தோலின் தடிமன். 25 மில்லிமீட்டர் ஸ்லைடு, 3 மில்லிமீட்டர் தோல் என்றால் பதினைந்தரை. இது தொடங்குவதற்கான கணக்கு மட்டும்தான். தோலுக்குத் தோல் ஓரிரு மில்லிமீட்டர் மாறும். அதனால் டிரிகர் கார்டை ஒட்டிய தையலைக் கடைசியில் போடுங்கள். கட்டையை உள்ளே வைத்துக் கிளிப் மாட்டி இறுக்கம் பார்த்துவிட்டு அந்தக் கோட்டைக் குறிக்கலாம். ஏற்கெனவே தைத்துவிட்ட உறை என்றால், முதல் தையலுக்கு உள்பக்கம் 2 மில்லிமீட்டர் தள்ளி டிரிகர் கார்டு நெடுக இன்னொரு வரி போட்டு, மறுபடி நனைத்துக் கட்டையில் பிடித்துக் காய வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, முன்பு இறுக்கமாக இருந்த உறை இப்போது தளர்ந்துவிட்டது என்றால் உரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எண்ணெய் போட்டீர்களா? தேங்காய் எண்ணெய், வண்டி எண்ணெய், கையில் கிடைத்ததையெல்லாம் பளபளப்புக்காகத் தடவுகிறவர்கள் உண்டு. எண்ணெய் ஊறிய தோலைத் திரும்ப விறைப்பாக்க முடியாது. வெளிப்பக்கம் மெழுகு மட்டும் போதும் என்று உறையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

உறையின் வாய் உள்ளே மடிகிறது

இந்தப் பட்டியலில் ஆளைக் கொல்லக்கூடிய குறை இதுதான். துப்பாக்கியை எடுத்ததும் உறையின் வாய் தொய்ந்து மூடிக்கொள்கிறது. திரும்ப வைக்கும்போது அந்த விளிம்பு உள்ளே மடிந்து டிரிகர் கார்டுக்குள் நுழைகிறது. மேலிருந்து கை அழுத்துகிறது, விளிம்பு நகராமல் நிற்கிறது, டிரிகர் பின்னால் போகிறது. தோல் மடிப்பு விரலின் வேலையைச் செய்துவிடும். குழல் அந்த நேரத்தில் தொடையை ஒட்டி இருக்கும். பல வருடம் உழைத்து நைந்துபோன உறைகளில் இது நடந்திருக்கிறது.

காலி உறையை இடுப்பில் மாட்டி, மேலிருந்து பாருங்கள். வாய் திறந்தே இருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து இரண்டு பக்கமும் அமுக்கி விட்டால் சட்டென்று பழைய நிலைக்கு வர வேண்டும். மெதுவாக வந்தாலோ, மடிப்பில் கோடு விழுந்து வெளுத்துத் தெரிந்தாலோ அந்த உறையை உடனே இடுப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

புதிய உறைக்கு வாயைச் சுற்றி 25 மில்லிமீட்டர் அகலத்தில் இன்னொரு பட்டைத் தோல் பட்டி வைத்து, மேலும் கீழும் இரண்டு வரி தைத்துவிட்டால் போதும். பட்டியின் கீழோரத்தை ஸ்கைவிங் செய்து மெலிதாக்குங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் படி விழும். மேலோரத்தை மட்டும் சீவாதீர்கள், விறைப்பு வேண்டிய இடமே அதுதான். ஷூவில் ஓரம் என்றாலே கை தானாகச் சீவப் போகும், பழக்கதோஷம்.

நைந்த பழைய உறைக்கு இந்த வைத்தியம் வேண்டாம். பட்டி விறைப்பாக இருக்கும், அதற்குக் கீழே டிரிகர் பக்கத்துத் தோல் தொய்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட உறையை குறுக்கே வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

சட்டை நுனி, ஜாக்கெட்டின் இழுகயிறு இவையும் அதே வேலையைச் செய்யும். உறைக்கும் உடம்புக்கும் நடுவில், பின்பக்கத் தோலை ஒன்றரை அங்குலம் உயர்த்தி விட்டால் சட்டை ஓரளவு விலகி நிற்கும். மிச்சத்துக்குக் கண்தான். துப்பாக்கியை உருவுவதில் அவசரம் இருக்கலாம், திரும்ப வைப்பதில் எந்த அவசரமும் கிடையாது. பார்த்து, விரலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக வைக்கச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து டிரிகர் கைக்குத் தட்டுப்படுகிறது

பழைய படங்களில் வருகிற உறைகளைப் பார்த்து டிரிகர் கார்டைத் திறந்து விடச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். டிரிகர் கார்டு முழுவதும் தோலுக்குள் இருக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது.

மூடியிருந்தும் ஒரு சிக்கல் வரலாம். ஈரத் தோலை எலும்புக் கருவியால் தேய்த்து, துப்பாக்கியின் ஒவ்வொரு கோடும் வெளியே தெரியும்படி எடுப்பது பார்க்க அழகுதான். அதே உற்சாகத்தில் டிரிகர் கார்டின் துளைக்குள்ளும் ஆழமாக அமுக்கிவிடுகிறோம். காய்ந்ததும் அந்தக் குழி உள்பக்கம் ஒரு மேடாக நிற்கும், டிரிகருக்கு நேர் முன்னால். துப்பாக்கி வழக்கத்தைவிட 3, 4 மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால் அந்த மேடே டிரிகரை அமுக்கும். காலித் துப்பாக்கியை உறையில் வைத்து வெளியிலிருந்து கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தமாக அமுக்கிப் பாருங்கள். டிரிகர் துளி அசைந்தாலும் உறை தேறவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் நனைத்து, கட்டையின் டிரிகர் கார்டுத் துளையை மரத்துண்டு வைத்து அடைத்துவிட்டு மறுபடி பிடித்தால் மேடு மட்டமாகிவிடும். அதோடு, துப்பாக்கி எதில் முட்டி நிற்கிறது என்பதையும் பாருங்கள். டிரிகர் கார்டின் முன்விளிம்பு தையலில் முட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றால் அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை.

எடுக்க வரவில்லை, பிடித்துக்கொள்கிறது

புது உறை இறுக்கமாக இருப்பது குறையல்ல. கட்டையின் மேல் பிளாஸ்டிக் பையை இரண்டு சுற்றுச் சுற்றி, உறைக்குள் செருகி ஒரு ராத்திரி விட்டால் தேவையான அளவு விட்டுக்கொடுக்கும். நனைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

பாதி வந்து நடுவில் மாட்டுகிறது என்றால் முன்சைட் தோலைச் சுரண்டுகிறது. உள்ளே விரல் விட்டால் ஒரு கீறல் கையில் படும். வடிவம் பிடிக்கும்போது கட்டையின் மேல்பக்கம் முன்சைட்டிலிருந்து பின்னால் வரை பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சி ஒட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, குச்சியை ஒட்டி அந்தப் பக்கத்தை மட்டும் நனைத்துப் பிடியுங்கள்.

மொத்தமாகச் சுருங்கி, தொட்டால் கல்லாக இருந்து, மேல்பரப்பில் மெல்லிய வெடிப்பும் விட்டிருந்தால் அது வெயிலில் காய்ந்த உறை. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மொட்டை மாடித் தளம் அதைவிடச் சுடும். வேலை சீக்கிரம் முடியும் என்ற ஆசையில் மாடிக்குக் கொண்டுபோனால் வெளித்தோல் முதலில் காய்ந்து உள்தோலை இழுக்கும். ஈர உறை நிழலில், ஃபேன் காற்றில், ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டு காயட்டும். வெடித்த தோலுக்கு மருந்தில்லை.

கறை, வெள்ளைப் பூப்பு, பூசணம்

நனைத்த தோலில் நீலக்கறுப்பாகப் புள்ளி விழுந்தால் இரும்பு பட்டிருக்கிறது. பட்டைச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் மை. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே கணக்குதான். இரும்பு வாளி, கிளிப், துருப்பிடித்த மேஜை ஆணி, கத்தி தீட்டிய கை, எதுவும் காரணமாகலாம். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தேய்த்து, உடனே தண்ணீரில் துடைத்தால் புதுக்கறை போய்விடும். பழையதானால் கறுப்புச் சாயம் போட்டு மறைப்பதே மேல்.

காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நம் போர்த் தண்ணீரின் லட்சணம் ஊரறிந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. நனைக்கக் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள், ஒரு உறைக்கு அரை வாளிகூட ஆகாது. வெதுவெதுப்பாக இருக்கட்டும், சூடு வேண்டாம். மேலே சொன்ன கொதிதண்ணீர்ச் சோதனையில் துண்டு சுருண்டது ஞாபகம் இருக்கட்டும்.

பூசணம் என்றால் ஐப்பசி மழையும் பீரோவும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, உறையைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்துவிடுகிறார்கள். பை வேண்டாம், துணிப்பை போதும். வந்த பூசணத்தை வெளியே வைத்துக் காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, அப்புறம் மெழுகு போடலாம். உள்பக்கம் நன்றாகக் காயும் முன் துப்பாக்கி போகக் கூடாது.

துப்பாக்கியில் துரு, தோட்டாவில் பச்சைக் களிம்பு

உறை என்பது இடுப்பில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட சரக்கின் மிச்சமும் அதில் இருக்கும். இரண்டும் இரும்புக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துப் பூட்டு போட்ட பெட்டியில் வைக்க வேண்டும், உறையைத் தனியாகத் தொங்கவிட வேண்டும். துரு ஒரே இடத்தில் வட்டமாக இருந்தால் அது பிரஸ் பட்டனின் அடிப்பக்கம். அதன் மேல் மெல்லிய தோல் வில்லை ஒட்டிவிடுங்கள், கீறலும் நின்றுவிடும்.

வங்கிக் காவலர்களின் 12 போர் தோட்டா பெல்ட்டிலும் இதே கதை. தோட்டாவின் பித்தளை அடிப்பக்கம் தோல் வளையத்தோடு சேர்ந்து பச்சையாகக் களிம்பு கட்டும். களிம்பு ஏறிய தோட்டா அறைக்குள் சரியாக உட்காராது, சுட்ட பிறகு வெளியே வராது. வளையத்தை மாற்றித் தைப்பதால் பயனில்லை. பணி முடிந்ததும் தோட்டாவைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்வதுதான் தீர்வு.

மேல்வார் தானாகத் திறக்கிறது, அல்லது திறக்கவே மாட்டேன் என்கிறது

தானாகத் திறந்தால் பட்டனின் ஸ்பிரிங் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். திறக்க வராவிட்டால் வார் குட்டை. வார் நீளத்தைக் காலித் துப்பாக்கியோடு வைத்துத்தான் குறிக்க வேண்டும். மடங்கித் திறக்கும் ரிவால்வருக்கு ஒரு கூடுதல் கவனம் உண்டு. பின்பக்கச் சுத்தியலான ஹேமர் பக்கத்தில் இருக்கும் பூட்டுநெம்புகோல் மேல் வார் அழுந்தக் கூடாது. அழுந்திக்கொண்டே இருந்தால் உருவும்போது துப்பாக்கி கையிலேயே மடங்கித் திறந்து, தோட்டா தரையில் கொட்டலாம். வாரை ஹேமருக்குப் பின்னால் கொண்டுபோனால் தப்பித்துவிடும்.

உறை இடுப்பில் ஆடுகிறது, தையல் விடுகிறது

பெல்ட் துளை பெல்ட்டின் அகலத்தைவிடப் பெரிது. எந்த பெல்ட்டில் மாட்டுவாரோ அதையே கொண்டுவரச் சொல்லி, அந்த அகலத்துக்கு வெட்டுங்கள். துளையின் இரண்டு முனையிலும் முதலில் வட்டப் பஞ்ச் அடித்துவிட்டு நடுவை வெட்டினால் கிழிசல் ஓடாது. தையல் விடுவது பெரும்பாலும் மிஷின் தையலாக இருக்கும், ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். மெழுகு நூலில் இரண்டு ஊசி போட்டு, இரண்டு பக்கமிருந்தும் ஒரே துளையில் தைத்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். வாய்ப்பக்க முடிவில் மூன்று தையல் பின்னோக்கி வாருங்கள்.

கொடுப்பதற்கு முன், காலித் துப்பாக்கியோடு உறையை மாட்டிவிட்டு உரியவரை அங்கேயே உட்காரச் சொல்லுங்கள், எழச் சொல்லுங்கள், பைக்கில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், குனிந்து செருப்பு மாட்டச் சொல்லுங்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் பிடி நாற்காலிக் கையில் இடிக்கும், அப்போது உறை மேலே தூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கினால் பெல்ட் துளையை ஒரு விரற்கடை மேலே ஏற்றி வெட்டி, மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள்.